மேஜை மேல் ஒரு கரிசல்காடு



மலருக்குக் கட்டுரை வேணும்னு கேட்டதும் நம்மில் பாதிப் பேர் தன்னம்பிக்கை பற்றியும், மீதிப் பேர் கம்ப்யூட்டரின் எதிர்காலம் பற்றியும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நான் மண்ணைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் மேஜை மேல் போடுகிற மண். "சிவில்காரன் வேற எதைப் பத்தி எழுதுவான்" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் சிரிப்பது கேட்கிறது. சிரிங்க, சிரிங்க! கட்டுரை முடிவதற்குள் உங்கள் ஒர்க்ஷாப் வாஷரையும், எலெக்ட்ரிக்கல்காரர்களின் டிரான்ஸ்பார்மரையும் கடன் கேட்டு வரப்போகிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். குட்டிக் குட்டிப் போர்வீரர் பொம்மைகளை மேஜையில் நிறுத்தி, ஸ்கேலால் அளந்து நகர்த்தி, பகடை போட்டு வெற்றி தோல்வி பார்க்கும் விளையாட்டு ஒன்று வெளிநாடுகளில் பிரபலம். மினியேச்சர் வார்கேம் என்று பெயர். நம்ம சதுரங்கமும் போர் விளையாட்டுத்தானே என்று கேட்கலாம். உண்மைதான். யானை, குதிரை, காலாள் எல்லாம் உண்டு. ஆனால் சதுரங்கத்தில் ஒன்று மட்டும் இல்லை: நிலம். 64 கட்டமும் ஒரே மட்டம். மேடு கிடையாது, ஓடை கிடையாது, முள் கிடையாது. மேஜை விளையாட்டில் நிலம்தான் மூன்றாவது ஆட்டக்காரன். மேட்டில் நிற்பவனுக்கு லாபம், சேற்றில் இறங்கினவனுக்குப் பாதி வேகம், சுவருக்குப் பின்னால் இருப்பவனைச் சுடுவது கஷ்டம். அதனால் பொம்மையை விட, பொம்மை நிற்கிற மேடும் காடும் வீடும்தான் முக்கியம்.

இது குழந்தை விளையாட்டாகத் தொடங்கியதும் அல்ல. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் முதலில் ஈர மணலில் மலையும் ஆறும் செய்து போர் ஆடிக் காட்டினார். அரசருக்கு மணல் மேஜையைக் கொடுப்பது மரியாதை அல்ல என்று, மலை, ஆறு, சாலை எல்லாம் புடைப்பாகச் செய்த சதுரத் துண்டுகளை அடுக்கி மாற்றக்கூடிய ஒரு மேஜையையே தயாரித்து 1812-ல் கொடுத்தார். அவருடைய மகன் 1824-ல் அதை 1:8000 அளவு வரைபடத்துக்கு மாற்றி, ராணுவ அதிகாரிகளின் பயிற்சி ஆக்கினார். 1913-ல் ஆங்கில நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ், தகரச் சிப்பாய்களை வைத்து வீட்டுத் தரையில் ஆடுவதற்கு ஒரு விதிப் புத்தகமே எழுதினார். அவர் மரத்துக்குச் செடிக்கொப்பை ஒடித்து வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் பிள்ளைகளின் மரக்கட்டைகள். நம்மில் என்.சி.சி.யில் இருப்பவர்கள் சாண்ட் மாடல் போட்டிருப்பீர்கள். அதே வம்சம்தான்.

சரி, இந்த நிலத்தைக் கடையில் வாங்க முடியாதா? முடியும். இங்கிலாந்து, அமெரிக்காக் கம்பெனிகள் பிளாஸ்டிக் அச்சில் வார்த்த இடிந்த வீடு, லேசரில் வெட்டிய எம்.டி.எஃப் பலகை வீடு, சுருட்டி வைக்கிற ரப்பர் விரிப்பு என்று விதவிதமாக விற்கின்றன. இப்போது 3டி பிரிண்டர் வேறு வந்துவிட்டது. ஆனால் விலைக்கு மேல் தபால் செலவு, அதற்கு மேல் சுங்கம் என்று போட்டுப் பார்த்தால் ஹாஸ்டல் மெஸ் பில்லை மிஞ்சிவிடும். காசு இருந்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த விரிப்பு பச்சைப்பசேல் என்று இருக்கும். வீடு ஐரோப்பிய ஓட்டு வீடு. மரம் ஊசியிலை மரம். ஆமத்தூரில் இறங்கி சிவகாசி ரோட்டில் இரண்டு பக்கமும் பாருங்கள். கறுத்து வெடித்த மண், ஒற்றைப் பனை, உடை மரம், கண்மாய்க் கரை. இதை எந்தக் கம்பெனியும் டப்பாவில் அடைத்து விற்கவில்லை. சிப்பாயை வாங்கலாம்; நம்ம மண்ணை நாமதான் செய்யணும். இதுதான் நான் சொல்ல வந்தது.

எந்தப் போரை ஆடுவது? எங்கள் அறையில் இதற்கு விவாதமே நடக்கவில்லை. சாத்தூர், கோவில்பட்டி தாண்டி ஒட்டப்பிடாரம் பக்கம் இருக்கிறது பாஞ்சாலங்குறிச்சி. 1799 அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதோடு கதை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். சினிமா அங்கேதான் முடிகிறது. கும்பினியார் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்த இடத்திலேயே கோட்டையைத் திரும்ப எழுப்பினார். மார்ச் 31-ல் மெக்காலே தலைமையில் கும்பினிப் படை தாக்கியது. பலத்த சேதத்தோடு திரும்பியது. அதன் பிறகு கூடுதல் படையும் பெரிய பீரங்கிகளும் வரும்வரை காத்திருந்து, அக்னியூ தலைமையில் மே 24-ல்தான் கோட்டையைப் பிடித்தார்கள்.

அவ்வளவு பெரிய படையை நிறுத்தி வைத்தது என்ன கோட்டை? கருங்கல்லா? இல்லை. அந்தப் போரில் இருந்த வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி 1830-ல் அச்சிட்ட நினைவுக் குறிப்புகளில் அளவு கொடுத்திருக்கிறார். சுமார் 500 அடி நீளம், 300 அடி அகலம். முழுக்க முழுக்க மண். சுவர் சுமார் 12 அடி உயரம். சின்னச் சின்னச் சதுரக் கொத்தளங்கள். அகழி கிடையாது. அதற்குப் பதில் சுற்றிலும் அடர்த்தியான முள்வேலி. 1959-ல் வந்த படத்தைப் பார்த்து மனதில் பதிந்த கோட்டையையும், 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டையையும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். நாம் செய்யப்போவது மண் சுவரும் முள்ளும்.

இப்போது கணக்கு. வெளிநாட்டில் பரவலாகக் கிடைக்கும் சின்னப் பிளாஸ்டிக் சிப்பாய்கள் 1:72 அளவு. ஆறடி மனிதன் 1 அங்குலம். அதே அளவில் கோட்டையைப் போட்டால் 500 அடி என்பது 83 அங்குலம், 300 அடி என்பது 50 அங்குலம். ஹாஸ்டல் டேபிள் டென்னிஸ் மேஜை 9 அடிக்கு 5 அடி. கோட்டையை வைத்தாலே மேஜை ரொம்பிப்போகும். கும்பினிக்காரன் வராந்தாவில் நிற்க வேண்டியதுதான்! 400 கெஜத்துக்கு அப்பால் ஒரு பீரங்கியை நிறுத்த வேண்டுமென்றால் மேஜையிலிருந்து கிட்டத்தட்ட 17 அடி தள்ளிப் போகணும்.

இதற்குத் தீர்வை நம்ம சர்வே வாத்தியாரே சொல்லிக் கொடுத்துவிட்டார். ரோட்டுக்கு லாங்கிட்யூடினல் செக்‌ஷன் வரையும்போது என்ன செய்கிறோம்? நீளத்துக்கு 1:1000, உயரத்துக்கு 1:100. ஒரே ஸ்கேலில் வரைந்தால் மேடு பள்ளம் கண்ணுக்கே தெரியாது என்பதால் உயரத்தை மட்டும் பெரிதாக்குகிறோம். அதேதான் இங்கேயும். உயரத்துக்குச் சிப்பாயின் ஸ்கேல் 1:72. தரைக்கு 1 அங்குலம் = 20 அடி, அதாவது 1:240. இப்போது கோட்டை 25 அங்குலம் நீளம், 15 அங்குலம் அகலம். சுவர் உயரம் 2 அங்குலம். 400 கெஜம் என்பது 60 அங்குலம். இரண்டையும் கூட்டினால் 85 அங்குலம், மேஜையில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். மனிதன் பெரிதாகவும் நிலம் சுருங்கியும் இருப்பது ஆட ஆரம்பித்த பத்து நிமிஷத்தில் கண்ணுக்கு உறுத்தாது.

பொருள் சேகரிக்க ஆமத்தூரை விட நல்ல ஊர் இருக்குமா என்பது சந்தேகம்தான். ஒரு பக்கம் சிவகாசி, ஒரு பக்கம் விருதுநகர். சிவகாசி அச்சகங்களில் கட்டிங் மெஷினுக்கு அடியில் விழும் அட்டைத் துண்டு எடைக்குக் கிடைக்கும். தடிமனான மில் போர்டு, சுவருக்கும் வீட்டுக்கும். பழைய இரும்புக் கடையில் நெளி அட்டைப் பெட்டி. தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு வரும் மருந்து தோய்க்காத வெறுங்குச்சி, கதவு, நிலை, வேலிக்கால் எல்லாவற்றுக்கும். பைண்டிங் கடைக்காரர்கள் போல மைதா பசை காய்ச்சிக் கொள்ளலாம். பூச்சி அரிக்காமல் இருக்க அவர்கள் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், சேர்த்தால் மெஸ் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள், கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். மாடல் செய்யக் காகிதக் குழாய் ரொம்ப வசதி. கொத்தளத்துக்கு, பனை மரத்துக்கு, பீரங்கிக்கு எல்லாம் ஆகும். நம்ம ஊர்ப் பக்கம் குழாய்க்கா பஞ்சம்? வீட்டில் உட்கார்ந்து உருட்டி, இன்னும் ஆபீசுக்குப் போகாத வெறுங்குழாய் என்றால் சரி. மருந்து ஏறும் இடத்துக்குள் ஒரு தடவை போய் வந்த எதையும் தொடாதீர்கள். கழிவுக் குழாய், கழித்துப் போட்ட சரம், தரையில் கூட்டிய தூள், "சும்மாதான்டா கெடக்கு" என்று எவனாவது கொண்டு வந்து கொடுக்கும் பொட்டலம், எதுவும் வேண்டாம். அலுமினியப் பொடியைப் பசையில் குழைத்தால் தண்ணீர் மாதிரி பளபளக்கும் என்று ஒரு யோசனை எங்கள் அறையிலும் வந்தது. மாடலில் தண்ணீர் வேண்டுமென்றால் கண்ணாடித் துண்டு வையுங்கள். அறையில் நைஸ் அலுமினியப் பொடி இருப்பதும், மருந்து ஒட்டிய குழாயைக் கத்தியால் அறுப்பதும், உப்புத்தாளால் தேய்ப்பதும் என்ன ஆகும் என்று இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அதில் முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடினவர்களும் உண்டு. நம்ம விளையாட்டுக் கோட்டைக்காக ஹாஸ்டலில் ஒரு பொறி கூட விழக்கூடாது.

அடுத்து தரை. நான் பரிந்துரைப்பது பழைய பிளெக்ஸ் பேனர். கல்யாணம், காதுகுத்து, கட்சி விழா என்று ஊரெல்லாம் கட்டி, அப்புறம் கிழித்துப் போடுகிறார்களே, அதன் பின்பக்கம். தலைவர்கள் கீழே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கட்டும். பின்பக்கத்தை லேசாக உப்புத்தாளால் தேய்த்து, பெவிகாலும் தண்ணீரும் சம அளவு கலந்து பூசி, ஈரமாக இருக்கும்போதே சலித்த கரிசல் மண்ணைத் தூவ வேண்டும். காய்ந்ததும் தட்டிவிட்டால் ஒட்டியது போக மீதி கொட்டிவிடும். சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம். அங்கங்கே நிறம் மாற்றிக் காட்டக் கோலப்பொடி போதும். காவியும் பழுப்பும் கடையில் தயாராகவே இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் சாயம் தோய்த்த மரத்தூளை டப்பா டப்பாவாக வாங்குகிறான், நமக்கு மார்கழி மாசம் தெருவெல்லாம் கிடைக்கிறது.

கொலு வைக்கும் வீடுகளில் பூங்கா பார்த்திருப்பீர்கள். கேழ்வரகு முளைக்கவிட்டு வயல், கண்ணாடி வைத்துக் குளம். கிறிஸ்துமஸ் குடிலில் சாக்கையோ பாறை போல் அச்சடித்த தாளையோ கசக்கி மலை செய்வார்கள். அவை எல்லாமே நல்ல பாடம்தான். ஆனால் அவை பார்க்க வைப்பவை. இது கைபட்டுக் கைபட்டு ஆடுவது. முளைப்பயிர் மூன்றாம் நாள் சாய்ந்துவிடும், கசக்கிய தாள் மேல் சிப்பாய் நிற்க மாட்டான். மேஜை நிலம் அழகாக இருப்பதை விட முதலில் உறுதியாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும்.

கோட்டைச் சுவர். தெர்மாகோலை அடிப்பக்கம் அகலமாக, மேலே குறுகலாக வெட்டிக் கொள்ளுங்கள். கத்தியால் வெட்டினால் மணி மணியாக உதிரும். நிக்ரோம் கம்பியை 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரில் இணைத்து இழுத்துக் கட்டினால் வெண்ணெய் மாதிரி அறுக்கும். கம்பி சிவக்கக் கூடாது. சிவந்தால் தெர்மாகோல் உருகுவதற்குப் பதில் கருகிப் புகையும். கம்பி நீளத்தைக் கூட்டுங்கள். அந்தப் புகை நல்லதல்ல, ஜன்னலைத் திறந்து வையுங்கள். தின்னர் கலந்த பெயிண்டும் ஸ்பிரே பெயிண்டும் தெர்மாகோலைத் தின்றுவிடும். பெவிகால், எமல்ஷன் மட்டும்தான்.

அதன் மேல் பூச்சு. கரிசல் மண்ணை அப்படியே குழைத்துப் பூசினால் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்துக் கழன்று விழும். சாயில் லேபில் சுருக்க எல்லைச் சோதனை செய்தவர்களுக்குக் காரணம் தெரியும். மான்ட்மோரில்லோனைட் களிமண் தண்ணீர் குடித்து ஊதும், காய்ந்தால் சுருங்கும். அதனால் சலித்த கரிசல் இரண்டு பங்கு, நைஸ் மணல் ஒரு பங்கு, பொடியாக நறுக்கிய தேங்காய் நார் ஒரு பிடி, குழைக்கப் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்ட பெவிகால். அந்தக் காலத்தில் மண் சுவருக்கு வைக்கோல் மிதித்துச் சேர்த்தார்களே, அதே தத்துவம். மண்ணை முன்னதாக 110 டிகிரி அவனில் ஒரு நாள் வைத்தால் பூஞ்சையும் புழுவும் போய்விடும். லேப் அசிஸ்டென்ட்டிடம் கேட்டுவிட்டு வையுங்கள்! மெல்லிசாக இரண்டு பூச்சு, நிழலில் உலர்த்தல். அப்புறமும் மயிரிழை வெடிப்பு வரும். வரட்டும். மண் கோட்டையில் வெடிப்பு இல்லாவிட்டால்தான் தப்பு.

சுவரை ஒரே துண்டாகச் செய்யக் கூடாது. 5 அங்குலத் துண்டுகள் 16 செய்தால் 25-க்கு 15 கோட்டை சுற்றி வந்துவிடும். கூடவே இடிந்து சரிந்த துண்டு மூன்று நான்கு தனியாகச் செய்து வைத்துக் கொள்ளுங்கள். ஆட்டத்தில் பீரங்கி சுவரை உடைத்ததும் நல்ல துண்டை எடுத்துவிட்டு இடிந்த துண்டை வைக்க வேண்டியதுதான்.

மரங்கள். பனை நிஜத்தில் 60 அடி என்றால் 1:72-ல் 10 அங்குலம். கை பட்டால் விழும். பாதியாகக் குறைத்து 5 அங்குலம் போதும். ஈர்க்குச்சிகளைச் சேர்த்துக் கட்டி மேலே பசை தடவிய தாளைச் சுற்றினால் தண்டு. வட்டமாக வெட்டி விசிறி மடிப்பு மடித்த தாளால் தலை. அடியில் ஒரு கனமான வாஷர். (மெக்கானிக்கல் நண்பர்களே, சொன்னேனே!) உடை மரத்துக்குக் கம்பித் தண்டு, மேலே குடை மாதிரி தட்டையாக நார்ப் பஞ்சு. ஒன்றை மட்டும் வைத்துவிடாதீர்கள்: சீமைக் கருவேலம். இன்று எங்கே பார்த்தாலும் அதுதான் என்பதால் எப்போதும் இருந்தது போலத் தோன்றுகிறது. அது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் நாட்டுக்கு வந்த மரம். ஊமைத்துரை அதைப் பார்த்திருக்க மாட்டார்.

முள்வேலிதான் நம்ம கோட்டையின் உயிர். தேங்காய் நாரைப் பிய்த்து, அரை அங்குல உயரத்துக்குப் புதராக உருட்டி, தண்ணீர் பெவிகாலில் முக்கி, கேன்டீனில் வாங்கிக் காயவைத்த டீத்தூள் சக்கையில் புரட்டி எடுங்கள். சுவருக்கு ஓர் அங்குலம் வெளியே, இடைவெளி இல்லாமல் சுற்றி வையுங்கள்.

எங்கள் அறையில் ஒரே போரை இரண்டு விதமாக ஆடிப் பார்த்தோம். கும்பினிப் பக்கம் ஆட ஒருத்தரும் ஒத்துக்கொள்ளாததால் ஒவ்வொரு முறையும் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். முதலில் வெறும் சமதரை, வெறும் சுவர். திறந்த வெளியில் ஒரு முறைக்கு 6 அங்குலம் என்பது எங்கள் விதி. 60 அங்குலத்தைப் பத்து முறையில் கடந்து, உடைந்த இடத்தில் நுழைந்து, பெரும்பாலும் கும்பினிதான் ஜெயித்தது. சிலர் எழுதுகிற மாதிரி "நவீன ஆயுதம் வென்றது" என்று அதோடு கட்டுரையை முடித்துவிடலாம். அடுத்து வேலியை வைத்தோம். முள்ளுக்குள் ஒரு முறைக்கு 1 அங்குலம்தான். பத்து முறை நடந்து வந்தவன் கடைசி இரண்டு அங்குலத்தில் சிக்கி நிற்கிறான். அவன் துப்பாக்கிக்கு மண் சுவர் அசையவில்லை. பீரங்கிக் குண்டு பட்டால் கல் சுவர் நொறுங்கிச் சிதறும், மண் சுவர் குண்டை வாங்கிக்கொள்ளும். பெரிய பீரங்கி இல்லாமல் வாசல் பெரிதாகாது. உடைப்புக்குள் ஒருத்தர் இருவராகத்தான் நுழைய முடியும், உள்ளே நீண்ட ஈட்டியோடு ஆள் நிற்கிறான். மார்ச் 31 என்ன ஆனது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. வீரம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் இடித்த கோட்டையைத் திரும்பக் கட்டினவர்கள் நல்ல சிவில் இன்ஜினியர்களாகவும் இருந்திருக்கிறார்கள். சுவரின் பொருளையும் வேலியின் தூரத்தையும் தெரிந்து கட்டியிருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் போகும் விஷயத்தை, தேங்காய் நாரும் டீத்தூள் சக்கையும் சேர்த்து ஒரு சாயங்காலத்தில் காட்டிவிட்டன.

சிப்பாய்களைப் பற்றிக் கடைசியில் இரண்டு வார்த்தை. 1:72 பொம்மை கிடைக்காதவர்கள் அட்டையில் வரைந்து வெட்டி நிறுத்தலாம், தப்பில்லை. திருவிழாக் கடையில் பாக்கெட்டாக விற்கும் பிளாஸ்டிக் சிப்பாய் கிட்டத்தட்ட 2 அங்குல உயரம் இருப்பான். அவனை வைத்தால் உயர ஸ்கேலையும் மாற்றிச் சுவரை 4 அங்குலமாக்குங்கள். தரை ஸ்கேல் அப்படியே இருக்கட்டும்.

அடுத்த வருஷத்துக்கு நாங்கள் எடுத்திருப்பது காளையார்கோவில். பாஞ்சாலங்குறிச்சி விழுந்த அதே 1801-ல் அக்னியூ சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போடப் பார்த்தார். ஒரு மாதம் போல வெட்டியும் முடியாமல் கைவிட்டு, வேறு வழியாக வந்து அக்டோபர் 1-ல்தான் பிடித்தார்கள். மேஜை முழுக்கக் காடு. குறைந்தது இருநூறு மரம் வேணும். தேங்காய் நார் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மெஸ் மாஸ்டர் துருவி முடித்ததும் மட்டையை வெளியில் போடாமல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வாஷர் விஷயமாக மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு நண்பர்கள் ஒரு வார்த்தை சொன்னால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.